குறைமாதக் குழந்தை நிக்குவில், பெற்ற தாய் பத்தியத்தில்: குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அண்ணன். தங்கைக்கு 28 வாரத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். ஆண் குழந்தை, எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையின் நிக்குவில், அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பச்சை உடம்பு, முப்பது நாளுக்கு வாசப்படி தாண்டக் கூடாது" என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். மாப்பிள்ளை மட்டும் வேலை முடிந்து பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். டாக்டர் சொல்வதில் பாதிதான் அவருக்குப் புரிகிறது. வீட்டுக்கு வந்து சொல்லும்போது அதிலும் பாதி போய்விடுகிறது. தங்கை நாள் முழுக்க அழுதுகொண்டிருக்கிறார். "மெஷினும் டாக்டரும்தானே பார்த்துக்கொள்கிறார்கள், நாங்கள் போய் என்ன செய்யப்போகிறோம்?" என்று முடித்திருக்கிறார்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கையால் நடக்க முடிந்தால், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், அவர் நாளைக்கே குழந்தையிடம் போக வேண்டும். அதற்குப் பிறகும் முடிந்தவரை தினமும் போக வேண்டும். ஆறுதலுக்காக நான் இதைச் சொல்லவில்லை. பினாங்கில் பச்சிளங்குழந்தை வார்டில் பல வருஷம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள் நான். தாயும் தகப்பனும் பக்கத்தில் இருப்பது குழந்தையின் எடையிலும் மூச்சிலும் தெரியும். தாய்ப்பால் கிடைக்கும் அளவிலும், பெற்றோர் பிறகு வீட்டில் தனியாகச் சமாளிக்கும் தைரியத்திலும்கூடத் தெரியும். ஆனால் அவர்களை உட்காரவைத்து, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராமல் "தைரியமா இருங்க" என்றால் யாருக்கும் தைரியம் வராது.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1979ல் எஸ்டோனியாவின் தாலினில் மிஸ்ஸிகள் பற்றாக்குறை. டாக்டர் ஆடிக் லெவின் என்பவர் தாய்மார்களையே வார்டில் தங்கவைத்து, ஊசி மருந்து போன்றவை தவிர மற்ற பராமரிப்பை அவர்கள் கையில் கொடுத்தார். டொரோண்டோவில் டாக்டர் ஷூ லீ அதைப் பார்த்துத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி ஒரு முறையை உருவாக்கினார். அங்கே பெற்றோர் நாளுக்கு 6 மணி நேரமாவது குழந்தையோடு இருக்க வேண்டும், அவர்களுக்கு வகுப்பு நடக்கும், குழந்தையின் நிலையை டாக்டர் ரவுண்டில் அவர்களே சொல்வார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 பிரிவுகளில் இதைச் சோதித்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, வீடு திரும்பும்போது தாய்ப்பால் குடித்தவர்கள் அதிகம், பெற்றோரின் மனஅழுத்தம் குறைவு. அமெரிக்காவில் பெர்னடெட் மெல்னிக் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. குறைமாதக் குழந்தை எப்படி நடந்துகொள்ளும், பெற்றோர் என்ன செய்யலாம் என்பதை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் நான்கு கட்டமாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் நிக்குவிலிருந்து சராசரியாக 4 நாளுக்குச் சற்றுக் குறைவாக முன்கூட்டியே வெளியே வந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022ல், குறைமாதக் குழந்தையின் அன்றாடப் பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குக் கல்வியும் ஆலோசனையும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இப்போது அம்மாவின் பத்தியம். அவரோடு சண்டை போடாதீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வு வேண்டும், சூடான சாப்பாடு வேண்டும், பத்துப் பேர் வந்து தொடக் கூடாது என்பதெல்லாம் நம் பெரியவர்கள் அனுபவத்தில் வைத்தது. அதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் குழந்தை பக்கத்திலேயே படுத்திருக்கும் வீட்டுக்காக வைத்த வழக்கம் அது. குழந்தை கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்போது அப்படியே பொருந்தாது. காலுக்கு சாக்ஸ், தலைக்குத் துண்டு, பத்தியச் சாப்பாடு அடுக்குப் பாத்திரத்தில், காடியில் (காரில்) போய் காடியில் திரும்புவது, வந்ததும் படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்யுங்கள். பைக் வேண்டாம், ஆபரேஷன் தையல் இருக்கிறது. ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டியை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டால் தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவரை வெளியே வந்து இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். "பாட்டிம்மா, உங்க பேரனுக்கு மருந்தே அவங்கம்மா பால்தான்" என்று வார்டு ஆள் சொல்லும்போது அம்மா காது கொடுப்பார். மகனும் மருமகனும் நூறு தடவை சொல்லியும் நடக்காதது அதில் நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ரத்த அழுத்தத்தால் பிரசவம் ஆனவருக்கு, பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரைகூட அது திடீரென்று ஏறலாம். கடும் தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வயிற்று வலி, மூச்சுத் திணறல் என்றால் பத்தியம், நேரம் எதையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பாலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். குறைமாதக் குழந்தையின் குடல் காகிதம் போல மெல்லியது. குடல் அழுகும் ஒரு கொடிய நோய் இந்தக் குழந்தைகளுக்கு வரும். அதன் ஆபத்தைக் குறைப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக டின் பால் நிற்காது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் புரதமும் எதிர்ப்புச் சக்தியும் கூடுதலாகவே இருக்கும். குழந்தைக்கு வாயால் குடிக்கத் தெரியாது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றாகச் செய்யும் திறன் 32, 34 வாரத்தில்தான் கூடிவரும். அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பால் போகும். ஆகவே பீய்ச்சி எடுக்க வேண்டும்.

பிரசவமான 6 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தால் மிக நல்லது. தொடங்கவில்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் 8 தடவைக்குக் குறையக் கூடாது, அதில் ஒன்று நடுராத்திரியில் இருக்க வேண்டும். முதல் சில நாள் கையால் பீய்ச்சுவதுதான் சீம்பாலுக்கு ஏற்றது, பம்ப் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். சின்ன சிரிஞ்சில் 1 மில்லி, 2 மில்லி வந்தால் "பால் இல்லை" என்று தங்கை அழுவார். அவரிடம் சொல்லுங்கள்: குழந்தைக்கு இப்போது ஒரு வேளைக்குத் தேவையே அவ்வளவுதான். அந்தச் சொட்டை மிஸ்ஸி குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவுவார், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் தடவலாம். பத்து, பதினான்கு நாளில் நாளொன்றுக்கு மொத்தம் 500 மில்லி தாண்டினால் பின்னாலும் பால் போதும் என்று நிம்மதியாக இருக்கலாம். குழந்தையைப் பார்த்து, தொட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பீய்ச்சும்போது வீட்டில் வருவதைவிட அதிகம் வரும். தாய் போக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பாலைக் கொண்டுபோகும் விதம்: பாட்டிலில் குழந்தையின் அம்மா பெயர், தேதி, பீய்ச்சிய நேரம் எழுத வேண்டும். உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். ஐஸ் பேக் போட்ட குளிர்ப் பையில் பாலம் தாண்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததை 48 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் என்றால் உறையவைக்க வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் சொந்த விதி உண்டு, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி செய்யும் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் நடக்கட்டும். அதில் கெடுதல் இல்லை, அம்மாவுக்கும் தன் பேரனுக்கு ஏதோ செய்கிறோம் என்றிருக்கும். பால் ஊற வைப்பது அடிக்கடி பீய்ச்சுவதும் தூக்கமும் தண்ணீரும் கவலை குறைவதும்தான். பம்ப் பாகங்களைக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுக்கும் வேலையை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அதைக் கழுவுவது பிள்ளை பெற்றவள் செய்ய வேண்டிய வேலை இல்லை.

அடுத்தது மார்போடு அணைத்து வைப்பது, கங்காரு முறை. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலையில் டாக்டர் எட்கார் ரே தொடங்கிய முறை இது. அப்போது ஏழைகளின் மாற்றுவழி என்று நினைத்தார்கள். 2021ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை, நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். சீரான பிறகு வைத்ததை ஒப்பிட, முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அதன் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம், கூடிய சீக்கிரம் தொடங்கி நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்றது. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை, ரத்த ஓட்டம் சீரில்லாத குழந்தை என்றால் டாக்டர்தான் நேரம் சொல்ல வேண்டும். ஆனால் கேளுங்கள். "எப்போ நெஞ்சில வச்சிக்கலாம்?" என்று தினமும் கேட்கும் தாயை வார்டு மறக்காது.

போகும்போது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். சென்ட், பவுடர், தைலம் எதுவும் வேண்டாம். முன்கூட்டியே பசியாறிவிட்டு, பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது எழக் கூடாது. குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதே அதற்கு ஒரு சிரமம், அதைப் பத்து நிமிஷத்துக்காகச் செய்வதில் பயனில்லை. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை மார்பின் நடுவே நிமிர்ந்தவாக்கில் வைப்பார்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்று மேலே தூக்கியபடி இருக்கும். மேலே ஒரு துணி கட்டுவார்கள்.

தகப்பனும் இதைச் செய்யலாம். நிபோங் திபாலிலிருந்து வந்த ஓர் அப்பா, லோரி ஓட்டுபவர். தன் கை கரடுமுரடு, பிள்ளைக்கு வலிக்கும் என்று பெட்டிக்குள் விரல் நுழைக்கவே மாட்டார். ஒரு நாள் மாலை அவரை உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, மகளை எடுத்து நெஞ்சில் வைத்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு கல் போல இருந்தார். "மூச்சு விடுங்கப்பா, நீங்க விட்டாத்தான் அவளும் விடுவா" என்றேன். மெல்ல விட்டார். மகளின் இரண்டு கையும் முதலில் விரிந்தே இருந்தன. பிறகு ஒரு கை மடங்கி அவர் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டரில் 88, 90 என்று ஆடிக்கொண்டிருந்த எண் 94ல் நின்றது. "இது என்னாலயா மிஸ்ஸி?" என்று கேட்டார். "ஆமாம்பா" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவர் வார்டில் கேள்வி கேட்கத் தொடங்கினார். பெற்றோருக்குக் கல்வி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கையால் ஒன்றைச் செய்த பிறகு காதில் விழும் விளக்கம் மனதில் தங்கும்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானிட்டரில் 100 காட்டவில்லையே என்று பெற்றோர் தவிப்பார்கள். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை இருக்கும்படி வேண்டுமென்றேதான் வைப்பார்கள். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கண்ணைக் கெடுக்கும். திடீரென்று அலாரம் அடிக்கும், மூச்சு நின்றதுபோல இருக்கும். மூளையின் மூச்சு மையம் இன்னும் முதிராததால் 20 விநாடி வரைகூட, சில நேரம் அதற்கு மேலும், மூச்சு நிற்கும். அதற்குக் கொடுக்கும் மருந்து கஃபீன், நாம் குடிக்கும் காபியில் இருப்பதுதான். மிஸ்ஸி வந்து பாதத்தை லேசாகத் தட்டுவார், குழந்தை மூச்சு விடும். முதல் வாரத்தில் எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். நீல விளக்கு மஞ்சள் காமாலைக்கு. இன்று மூச்சுக் குழாயை எடுப்பார்கள், இரண்டு நாளில் மறுபடியும் போடுவார்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தக் குழந்தைகள் அப்படித்தான் வளர்வார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெற்றோர் பாதி பயத்திலிருந்து தப்பிப்பார்கள்.

எண்ணைப் பார்ப்பதைக் குறைத்து, குழந்தையைப் பார்க்கத் தங்கைக்குச் சொல்லுங்கள். விரல்களை அகல விரிப்பது, முதுகை வளைப்பது, விக்கல், கொட்டாவி, நிறம் மாறுவது எல்லாம் "போதும், என்னை விடு" என்று அது சொல்லும் மொழி. கையை வாய்க்குக் கொண்டுபோவது, முகம் தளர்வது, கண் திறந்து அமைதியாகப் பார்ப்பது என்றால் நீங்கள் தொடர்ந்து பக்கத்தில் இருக்கலாம். தடவிக்கொடுக்கக் கூடாது, அந்தத் தோலுக்கு அது எரிச்சல். வெதுவெதுப்பான ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையைப் பாதத்திலும் அசையாமல் வைத்தால் போதும். மெதுவாகத் தமிழில் பேசட்டும், தாலாட்டுப் பாடட்டும். வயிற்றில் இருக்கும்போதே கேட்ட குரல் அது. பெட்டியின் மேல் எதையும் வைக்காதீர்கள், தட்டாதீர்கள், உள்ளே அந்தச் சத்தம் இடி மாதிரி கேட்கும்.

டாக்டர் சொல்வது புரியவில்லை என்றீர்கள். பயந்த மனசில் எந்த மொழியில் சொன்னாலும் நிற்காது, மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, எடை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால், மூச்சுக்கு எந்த மெஷின், ஆக்சிஜன் எத்தனை சதவீதம், அன்றைக்கு என்ன சோதனை என்று தினமும் ஒரு வரி எழுதட்டும். வீட்டில் தோன்றும் கேள்விகளையும் அதிலேயே எழுதி எடுத்துப்போகட்டும். "நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன மாற்றம், இப்போ எதைக் கண்டு கவலைப்படறீங்க, நாங்க என்ன செய்யலாம்" என்ற இந்த மூன்றையும் விடாமல் கேட்கட்டும். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துப் பேச நேரம் கேட்கலாம், தமிழ் தெரிந்த டாக்டரோ மிஸ்ஸியோ கூட இருக்கட்டும் என்று கேட்கலாம். பினாங்கில் அது கிடைக்காத காரியமில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே கேட்க வேண்டும். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லும்போது, வேண்டாத இரக்கத்தால் கெட்ட செய்தியை மறைத்துவிடுகிறார்கள். பிறகு அது தெரிய வரும்போது தாய் யாரையும் நம்பமாட்டாள்.

உங்கள் தங்கையின் அழுகையில் ஒரு கேள்வி இருக்கும், வாய்விட்டுக் கேட்கமாட்டார்: "நான் என்ன தப்பு செஞ்சேன்?" அவருக்கு வந்தது ரத்த அழுத்த நோய். பப்பாளிப்பழம் தின்றதாலோ, மாடி ஏறியதாலோ, கண் பட்டதாலோ வரவில்லை. இதை டாக்டர் வாயால் உங்கள் அம்மாவும் மாமியார் வீட்டாரும் கேட்கும்படி சொல்லவையுங்கள். "ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று யாராவது போனில் சொல்வார்கள். அதில் உண்மையே இல்லை. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூட இருக்க இருக்கப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். விசாரிக்கும் போன்களை எல்லாம் நீங்கள் எடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தினமும் ஒரு செய்தி அனுப்பினால் போதும், தங்கை இருபது பேருக்கு ஒரே கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, தூங்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே மனமில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 10 கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, கிளினிக்கில் கேட்டால் செய்வார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மாப்பிள்ளையையும் கவனியுங்கள். அழாமல் பாலம் தாண்டிப் போய் வருகிற மனிதரை யாரும் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை.

சாமி காரியங்களைப் பற்றி மனம் நோகாமல் சொல்கிறேன். தண்ணீர்மலையானை வேண்டிக்கொள்ளுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் திருநீறு, கறுப்புக் கயிறு, தாயத்து, மை எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. கிருமி அப்படித்தான் நுழைகிறது, இந்தக் குழந்தையை அது ஒரே நாளில் கொண்டுபோய்விடும். ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளியே மாட்டலாமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். உள்ளே போகும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சளி, இருமல் இருந்தால் அன்று போக வேண்டாம், பாலை மட்டும் அனுப்புங்கள். நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைப்பதற்காகப் பிறப்புப் பதிவைத் தள்ளாதீர்கள், பெயரைச் சீக்கிரம் முடிவுசெய்து ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) போய்விடுங்கள்.

வேலையும் பணமும் சின்ன விஷயமில்லை. தனியார் துறையில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள். தகப்பன் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தை, முதலில் சொன்ன பிரசவத் தேதியை ஒட்டி வீட்டுக்கு வரும் என்று வைத்தால் அது 12 வாரம், 84 நாள். குழந்தை கைக்கு வரும்போது விடுப்பில் 14 நாள்தான் மிச்சம். இப்போதே முதலாளியிடம் பேசி, வருடாந்திர விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் குழந்தை வீட்டுக்கு வரும் நாட்களுக்காக ஒதுக்கி வையுங்கள். அரசாங்க மருத்துவமனை என்றால் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கும். கட்டணம், வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம், போக்குவரத்துச் சிரமம் எதுவானாலும் வார்டு மூலமாக அவர்களைப் பார்க்கக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தான் அந்தப் பிரிவு.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஓரிரு நாள் தாயைக் குழந்தையோடு தங்கவைக்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. அப்போது அம்மா வார்டு மிஸ்ஸி போல எல்லாம் செய்ய வேண்டும்: பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, மருந்து அளப்பது, மூச்சு நின்றால் செய்யும் முதலுதவி. முதலுதவியைத் தகப்பனும் பாட்டியும் பொம்மையில் செய்து பழக வேண்டும். உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் தாய்மாமன், ராத்திரி அவசரத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் வேண்டாம். துணித் தொட்டிலில் குழந்தையின் தாடை நெஞ்சோடு மடங்கி மூச்சுக்குழல் அடைபடும். சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். சாம்பிராணிப் புகை கூடவே கூடாது, சிகரெட்டும் அப்படியே. நுரையீரல் இப்போதுதான் ஆறிவருகிறது. சேனை தொட்டு வைப்பது, தேன், வசம்பு, உரை மருந்து எதுவும் வேண்டாம். பாட்டி பத்திரமாக எடுத்துவைத்த பழைய துணிகளில் அந்துருண்டை வாசனை இருந்தால் குழந்தை பக்கம் கொண்டுவராதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்தத்தை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். தங்கை மகனின் அந்தச் சோதனை முடிவு என்ன என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். காடியில் குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம். ஆனால் அதில் நெடுநேரம் விடாமல் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களை முதல் சில மாதம் வாசலிலேயே உபசரித்து அனுப்புங்கள்.

வயதைக் கணக்கிடுவதில் எல்லோரும் குழம்புவார்கள். ஆறு மாதம் ஆன இந்தக் குழந்தையின் வளர்ச்சியை மூன்று மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும், இரண்டு வயது வரை அப்படித்தான். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி போட வேண்டும், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை எடை பார்த்துத் தள்ளிவைப்பார்கள். காது சோதனை, தலை ஸ்கேன், வளர்ச்சிப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் தேதி கொடுப்பார்கள். எதையும் விடாதீர்கள், கண் சோதனையை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 32 வாரத்துக்கு முன்போ ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். முதல் சோதனை பிறந்து 4 முதல் 6 வாரத்தில் நடக்கும், அதன்பின் டாக்டர் போதும் என்று சொல்லும் வரை தொடரும். கோளாறு முற்றினால் லேசரோ ஊசியோ சில நாளுக்குள் செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு பார்வையை மீட்க முடியாது. குழந்தை அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டால், நன்றாகப் பால் குடிக்கிறான், எடை போடுகிறான், அவ்வளவு தூரம் ஏன் அலைய வேண்டும் என்று தோன்றும் நாளில்தான் அந்தத் தேதி வரும். அன்றைக்கு நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு காடி ஓட்டுங்கள்.